லிஃப்ட் கிட் யாருக்காக?

தென்சென்னையில் ஓடும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாரம் முழுவதும் ஏறும் பெரிய மேடு, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங் சரிவுதான். பரங்கிமலையை விட்டால் இந்த ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனாலும் 2023 ஜூன் மாதம் மாருதி நிறுவனம் ஐந்து கதவு ஜிம்னியை விற்பனைக்கு விட்டதிலிருந்து, டி.என். 06, டி.என். 07 பலகை போட்ட ஜிம்னிகள் லஸ் முனையிலும் அடையாறு எல்.பி. ரோட்டிலும் கண்ணில் படுகின்றன. அவற்றில் சில ஷோரூமிலிருந்து வந்த கோலத்தில் இல்லை. இரண்டு அங்குலம் எழும்பி நிற்கின்றன. முரட்டுப் பல் வைத்த டயர், கூரையில் இரும்புச் சட்டம், முகத்தில் எஃகு பம்பர், அதற்கு மேல் ஒரு நீள எல்.இ.டி. விளக்குப் பட்டை.

இதைக் கேலி செய்வது எளிது. பாண்டி பஜாரில் ஜாக்கெட் துணி வாங்கப் போவதற்கு ஸ்னார்க்கெல் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். நான் அந்தக் கட்சியில் இல்லை. வார நாட்களில் அலுவலகம், சாயங்காலம் அம்மாவை சபாவுக்கு அழைத்துப் போவது, எப்போதாவது ஒரு ஞாயிறு ஜவ்வாது மலையில் ஒரு மண் பாதை, இத்தனைக்கும் ஒரே வண்டிதான் பலரிடம் இருக்கிறது. இரண்டாவது வண்டி வாங்கப் பணம் இருந்தாலும் மயிலாப்பூரில் அதை நிறுத்த இடம் கிடையாது. ஆகவே ஒரே வண்டியை இரண்டுக்கும் பழக்க நினைப்பது நியாயமான ஆசை. எந்த மாற்றம் அந்த ஆசைக்கு உதவுகிறது, எது குறுக்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டில் போகிறவர் திரும்பிப் பார்க்கும் மாற்றங்கள் பெரும்பாலும் வண்டியின் குணத்தைக் கெடுக்கின்றன. யார் கண்ணிலும் படாத மாற்றங்கள்தான் மண்ணிலிருந்து வெளியே கொண்டுவருகின்றன. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதுவும் ஐந்து கதவு ஜிம்னிக்கு மட்டும்.

வண்டியில் கைவைக்கும் பழக்கம் நம் ஊரில் தேவையிலிருந்து பிறந்தது. 1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸியை ஓட்டியவர்களுக்கு இது தெரியும். 970 சிசி இன்ஜின், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், தொடக்க காலத்தில் ஏ.சி. கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. 1996இல் 1.3 லிட்டர் இன்ஜினுடன் ஜிப்ஸி கிங் வந்தபோது இழுவை கூடியது, குலுக்கல் குறையவில்லை. சித்திரை வெயிலில் அந்த வண்டியில் கச்சேரி ரோட்டைக் கடப்பது தண்டனை. ஆகவே ஏ.சி. போட்டார்கள், மெத்தென்ற ஸ்பிரிங் தேடினார்கள், வேறு வண்டியின் பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டினார்கள். பழைய மஹிந்திரா ஜீப்புக்காரர்கள் கதையும் அதேதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளும் புதுப்பேட்டையின் பழைய சாமான் குவியல்களும் இந்தத் தேவைக்குத் தீனி போட்டன. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று வெர்னியர் இல்லாமலே சொல்லும் மெக்கானிக்குகள் அங்கே உருவானார்கள். இந்தக் கைத்திறனும், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த உரிமையாளரின் அறிவும் இந்தப் பழக்கத்தின் மறுக்க முடியாத நன்மைகள். நட்டு எது, புஷ் எது என்று தெரிந்தவர் ஏலகிரிக்குப் பின்னால் ஏதோ ஒரு பள்ளத்தில் நின்றுபோனாலும் பதற மாட்டார்.

ஜிம்னிக்கு அந்த நியாயம் அப்படியே பொருந்தாது. ஜிப்ஸிக்காரர் கடை கடையாக அலைந்து சேர்த்ததையெல்லாம் இது தொழிற்சாலையிலேயே வாங்கிக்கொண்டு வருகிறது. மண் பாதைக்கு வேண்டியதும் கூடவே இருக்கிறது: லேடர் ஃபிரேம், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், காயில் ஸ்பிரிங், லோ ரேஞ்ச் கியர், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 36 டிகிரி முன்பக்க ஏறுகோணம். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் பிரேக் தானாகவே அதைப் பிடித்து, மண்ணில் பதிந்திருக்கும் எதிர்ச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளிவிடும். எடை சுமார் 1,200 கிலோதான். மஹிந்திரா தார் 226 மில்லிமீட்டர் இடைவெளியும் 650 மில்லிமீட்டர் நீரில் இறங்கும் திறனும் வைத்திருந்தாலும், ஈர மணலில் புதையாமல் மிதந்து போவதில் ஜிம்னியின் லேசான உடம்புக்குத் தனிச் சலுகை உண்டு. இலகுவான மண் பாதைக்கு, அதாவது வண்டித்தடம், வறண்ட ஏரிக்கரை, சரளை மேடு, கணுக்கால் அளவு ஓடை ஆகியவற்றுக்கு, இது வந்தபடியே போதும். தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. முழுக்க அப்படிச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் டயர் இருக்கிறது.

ஜிம்னியுடன் வரும் டயர் 195/80 ஆர் 15. ரோட்டுக்கான டயர். நனைந்த களிமண்ணில் அதன் பள்ளங்கள் ஒரு சுற்றிலேயே அடைத்துக்கொள்ளும், பக்கச் சுவரும் கூர்க்கல்லுக்குத் தாங்காது. இதை மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. எதற்கு மாற்றுகிறோம் என்பதில்தான் பிழை நடக்கிறது. 215/75 ஆர் 15 அளவில் ஒரு ஆல் டெரெய்ன் டயர் போட்டால் மொத்த விட்டம் 693 மில்லிமீட்டரிலிருந்து 704க்குப் போகும். வண்டி உயர்வது ஐந்து மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டர் பிசகுவது ஒன்றரை சதவீதம். இரண்டும் பொருட்டல்ல. கிடைக்கும் லாபம் உயரத்தில் இல்லை, கெட்டியான பக்கச் சுவரிலும் பல்லின் பிடிப்பிலும் இருக்கிறது.

பலரும் இங்கே நிற்பதில்லை. பார்க்க மொத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக 235/75 ஆர் 15க்குத் தாவுகிறார்கள். விட்டம் 733 மில்லிமீட்டர். தரை இடைவெளி 20 மில்லிமீட்டர் கூடும், உண்மைதான். கூடவே என்னென்ன போகிறது? சக்கரத்தின் சுற்றளவு ஆறு சதவீதம் கூடுவதால் எல்லாக் கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். 134 நியூட்டன் மீட்டர் மட்டுமே தரும் இன்ஜின் அது. காலி வண்டியிலேயே மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரை யோசித்துத்தான் போட வேண்டும். லோ ரேஞ்சில் வண்டி ஊர்ந்து போக வேண்டிய இடத்தில் கொஞ்சம் வேகமாக ஊரும். பாறையில் எதற்காக லோ ரேஞ்ச் போடுகிறோமோ, அந்தப் பலனையே கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63க்கு மேல் போய்க்கொண்டிருப்போம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். மயிலாப்பூர் மாட வீதியில் யூ டர்ன் அடிக்கும் வசதிக்காகச் சின்ன வண்டி வாங்கிவிட்டு அந்த வசதியையே பறிகொடுப்பது என்ன கணக்கு?

மட் டெரெய்ன் டயர் இதற்கும் ஒரு படி மேல். பெரிய பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளிகள். சேற்றை உதறித் தள்ள அது வேண்டும். ஆனால் ரோட்டில் பதியும் ரப்பர் குறைந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் பளபளக்கும் ஓ.எம்.ஆரில் முன்னால் போகும் ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றால் இந்த டயரின் உண்மைக் குணம் தெரியும். வருடத்தில் பெரும்பகுதி தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைப் போடுவது, காட்சிக்காக பிரேக்கை விற்பது.

டயரில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதற்குக் காசே அதிகம் ஆகாது. காற்று. மணலிலோ சேற்றிலோ இறங்குவதற்கு முன் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரைக்கும், மணல் ரொம்பவும் பொடியாக இருந்தால் 15 வரைக்கும் இறக்கினால், டயர் நீளவாக்கில் தட்டையாகி மண்ணில் பரந்து பதியும். புதைந்துபோகும் வண்டி மிதக்கத் தொடங்கும். தேவையானவை, நம்பகமான ஒரு காற்றுமானி, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் ஒரு நல்ல கம்ப்ரசர். ரோடு ஏறுவதற்கு முன் மறுபடி காற்று நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு வேகம் எடுத்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி டயர் கிழிந்துவிடும். இந்த நகரத்தில் விளக்குப் பட்டை வைத்திருக்கும் வண்டிகளில் எத்தனையில் கம்ப்ரசர் இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. விளக்கைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பலாம். கம்ப்ரசரைப் பிடித்து அனுப்பினால் யார் பார்ப்பார்கள்?

இனி லிஃப்ட் கிட். இங்கேதான் நான் சொன்ன விதிவிலக்கு வருகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜிம்னியின் அடியில் ஆகத் தாழ்ந்து தொங்குவது ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் குடம். ரிஜிட் ஆக்சில் வண்டியில் நீளமான ஸ்பிரிங் போட்டால் உயர்வது உடம்பு மட்டுமே. ஆக்சில் சக்கரத்தோடு பிணைந்தது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு அங்குல லிஃப்ட் போட்ட பிறகும் குடத்துக்கும் தரைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. கல் தட்டும் இடம் குடமாக இருந்தால் லிஃப்ட் கிட்டால் பயனில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆனால் வயிறு தட்டும் கதை வேறு. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மில்லிமீட்டர். நமக்கு வந்த ஐந்து கதவு வண்டிக்குப் பின் சீட்டும் கதவும் வேண்டும் என்பதற்காக அதை 2,590 ஆக நீட்டினார்கள். ஒரு மேட்டின் உச்சியில் முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும் கணத்தில் வண்டியின் நடுவயிறு மேட்டில் உட்காராமல் கடக்கும் திறனை ஒரு கோணத்தால் அளக்கிறார்கள். மூன்று கதவுக்கு அது 28 டிகிரி, ஐந்து கதவுக்கு 24. ஐந்து கதவு ஜிம்னியின் உண்மையான பலவீனம் இந்த ஓர் எண்தான். ஏரிக்கரை ஏறி இறங்கும்போது அடியில் கேட்கும் அந்த ‘கரக்’ சத்தம் இதனால்தான். 2,590 மில்லிமீட்டர் வீல்பேஸில் வயிறு 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் கோணம் தோராயமாக நான்கு டிகிரி கூடும். அதாவது இரண்டு அங்குல லிஃப்ட், நீட்டியதால் போனதைத் திருப்பித் தருகிறது. உருப்படியான ஒரே வாதம் இது. நல்ல வாதமும்கூட.

விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். உடம்பு உயர்ந்ததும் முன் ஆக்சிலைத் தாங்கும் கைகள் சாய்வு மாறி காஸ்டர் கோணம் குறைகிறது. திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் வண்டி நெடுஞ்சாலையில் நேராக ஓடாமல் அலையும், ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் உதறவும் தொடங்கலாம். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பேன்ஹார்ட் ராடு சாய்வதால் ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் விலகும். பிரேக் ஹோஸ் இழுபடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் உண்டு: காஸ்டர் புஷ், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடு, நீண்ட ஹோஸ், விளக்குச் சரிசெய்தல், முறையான வீல் அலைன்மென்ட். இத்தனையும் செய்தால்தான் அது லிஃப்ட். கடையில் வெறும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டி, சில சமயம் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் வில்லையை மட்டும் சொருகி அனுப்பிவிட்டு ‘டூ இன்ச் லிஃப்ட்’ என்று பில் போடுகிறார்கள். பாதி செய்த லிஃப்ட் செய்யாத லிஃப்டைவிட மோசமானது. முழுசாகச் செய்தாலும் புவியீர்ப்பு மையம் உயர்ந்ததற்குத் திருத்தம் கிடையாது. 1,645 மில்லிமீட்டர் அகலத்தில் 1,720 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் வண்டி அது. ஈ.சி.ஆரில் குறுக்கே மாடு வந்து சட்டென்று ஒடிக்கும்போது அந்த இரண்டு அங்குலம் கணக்கில் வரும்.

வயிற்றைக் காப்பாற்ற மலிவான வழியும் இருக்கிறது. அடியில் ஒரு தகடு. டிரான்ஸ்ஃபர் கேஸையும் பெட்ரோல் டாங்கையும் மறைக்கும் அலுமினியம் அல்லது எஃகுக் கவசம். கோணம் கூடாது, மேட்டில் வயிறு உட்காரும். ஆனால் எதுவும் உடையாமல் சறுக்கிக்கொண்டு போகும். இலகுவான பாதைக்கு நான் லிஃப்டுக்கு முன் இதைத்தான் வைப்பேன். இதுவும் கண்ணுக்குத் தெரியாத ரகம்.

எஃகு பம்பர், வின்ச், கூரைச் சட்டம் ஆகிய மூன்றையும் ஒரே கூட்டல் கணக்கில் முடித்துவிடலாம். ஜிம்னியின் மொத்த அனுமதி எடை 1,545 கிலோ. காலி எடை போக மிஞ்சுவது சுமார் 340 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்று நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தால் 280 போய்விட்டது. மிச்சம் 60 கிலோ. எஃகு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் அந்த அறுபதை எளிதாகத் தாண்டும். பிறகு தண்ணீர் கேனும் பையும் எங்கே? அத்தனை பாரமும் முன் ஆக்சிலுக்கு முன்னால் தொங்குகிறது என்பது உபரித் தொல்லை. பம்பரில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்கும் கணக்கு தொழிற்சாலை பம்பர் நசுங்கும் விதத்தை வைத்துப் போட்டது. நசுங்காத இரும்பை அங்கே வைத்தால் அந்தக் கணக்கு தப்பலாம். நடந்துபோகிறவர் மீது மோதினால் விளைவை எழுதவே வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இப்படி முன்னால் மாட்டும் கம்பிக் காப்புகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியதில் எனக்கு முழுச் சம்மதம்.

அரிதாகவே நடக்கும் ஒரு காரியத்துக்கு வின்ச் எதற்கு? முன்னும் பின்னும் ஃபிரேமில் பொருத்திய உறுதியான கொக்கி, எடைக்கேற்ற ஷேக்கிள், இழுபட்டு நீளும் ரெக்கவரி பட்டை, ஒரு மண்வெட்டி, கூட இன்னொரு வண்டி. மண் பாதைக்குத் தனியாகப் போகாமல் இருப்பதே ஆகச் சிறந்த மாற்றம். அதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

ஊருக்குள் இந்த மாற்றங்கள் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எழுபது வயதைத் தாண்டிய அம்மா புடவையோடு ஏற வேண்டிய வண்டி இது. லிஃப்டும் டயரும் சேர்ந்து படியை இரண்டரை, மூன்று அங்குலம் உயர்த்தியதும், மார்கழிக் கச்சேரிக்கு அவர் ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லத் தொடங்குவார். ஏறுவதற்கு வசதியாகப் பக்கப் படி மாட்டினால் அதுவே பாதையில் முதலில் கல்லில் தட்டும் பாகமாகிவிடும். கூரைச் சட்டம் போட்ட வண்டி பழைய அடுக்குமாடிகளின் உத்தரத்துக்கு அடியில் தலை குனிய முடியாமல் தெருவில் நிற்கும்.

வெள்ளத்துக்கு உதவும் என்ற வாதம் சென்னையில் தனி எடை கொண்டது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தி. நகரே 1920களில் மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு. மழை பெய்தால் ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடி வரும். (ஏரிப் படுகையில் வண்டி ஓட்ட வேண்டும் என்று காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்களில் சிலர் ஏற்கெனவே ஒன்றின் மேல்தான் குடியிருக்கிறார்கள்.) உயரமான வண்டி முழங்கால் தண்ணீரில் உண்மையிலேயே உதவும். ஒரு கர்ப்பிணியையோ டயாலிசிஸ் நோயாளியையோ மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியும் என்றால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஸ்னார்க்கெல் செய்வது, இன்ஜின் மூச்சு விடும் வாயை உயர்த்துவது மட்டுமே. ஆக்சிலின் பிரீதர் குழாய், கதவு ரப்பர், தரைக்கு அருகில் ஓடும் மின் இணைப்புகள் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். தண்ணீர் புகுந்து இன்ஜின் பூட்டிக்கொண்டால், இன்ஜின் பாதுகாப்புக்கெனத் தனிச் சேர்க்கை எடுக்காத சாதாரண பாலிசி பெரும்பாலும் கை கொடுக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் இருந்தால் அது ஏற்கெனவே மறுப்பதற்கு ஒரு காரணம். இதையெல்லாம்விட, உயர்ந்த வண்டி தரும் தைரியத்தில் தெருவுக்குள் வேகமாகப் போகிறவர் எழுப்பும் அலை, தரைத்தள வீடுகளின் வாசற்படி தாண்டி உள்ளே போகிறது. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று இங்கே அச்சிட முடியாது.

சட்டம் இந்த விஷயத்தில் கடுமையாகவும் இருக்கிறது, மழுப்பலாகவும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நல்லது. ஆனால் ஆர்.சி.யில் டயர் அளவோ ஸ்பிரிங் நீளமோ அச்சிடப்படுவதில்லை. ஆகவே வயிற்றுக் கவசம் போட்டவரும் வில்லை சொருகி லிஃப்ட் செய்தவரும் ஒரே மங்கலான வெளியில் நிற்கிறார்கள். போலீஸ்காரர் கண்ணில் படுவது விளக்கும் பம்பரும்தான். காஸ்டர் கெட்டுப்போன ஸ்டீயரிங் அவருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி மாற்றங்களுக்கு ஓர் எழுத்துபூர்வமான விதித்தொகுப்பு உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். நம் நிலைமை வினோதமானது. வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அரசு ஆய்வு மையம் ஒரகடத்தில், சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தனி உரிமையாளர் ‘இந்த லிஃப்ட் கிட் முறையாக இருக்கிறதா’ என்று கேட்டுப் போய் நிற்க எளிமையான ஒரு கதவுதான் இல்லை. தடை மட்டும் இருந்து, சரியாகச் செய்ய வழி இல்லாவிட்டால், தப்பாகச் செய்பவருக்கே லாபம்.

கடைசியாக, பாதை யாருடையது? மாற்றம் செய்கிறவர்கள் வண்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், தரையைப் பற்றிப் பேச மாட்டார்கள். சென்னையிலிருந்து எளிதில் போகக்கூடிய மண் பாதைகள் பெரும்பாலும் மூன்று ரகம்: காட்டிலாகா நிலம், ஏரிப் படுகை, கடற்கரை. காட்டுக்குள் அனுமதியின்றிப் போவது குற்றம். ஏரிப் படுகை பொது நிலம், ஆனால் கோடையில் அது மாடு மேயும் இடம். மட் டயர் கிழித்த தடத்தில் கரை பலவீனமானால் அந்த ஊர்க்காரர்தான் மழையில் அவதிப்படுவார். கடற்கரை இன்னும் மோசம். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரைக்கும் ஜனவரியில் தொடங்கிச் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு நேரத்தில் நடந்தே அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். மணலுக்கடியில் இருக்கும் கூட்டின் மேல் 1,200 கிலோ வண்டி ஏறினால் என்ன மிஞ்சும்? ஆக, அனுமதி பெற்ற தனியார் நிலமும் பொதுவழியாகவே இருக்கும் கரடுமுரடான மலை ரோடுகளும்தான் மிச்சம். அவற்றுக்கு நான் மேலே சொன்ன எளிய ஏற்பாடே போதும்.

வண்டியைவிட ஓட்டுநர் முக்கியம் என்பதற்குச் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தால் போதும். லீஃப் ஸ்பிரிங் வைத்த பழைய மஹிந்திராக்கள். கார் கடையில் காட்டும் எந்த அலங்காரமும் இல்லை. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். அதிகாலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே, நம் ஊர் மாற்றிய வண்டிகள் திணறும் ஏற்றத்தில் போய்வருகிறார்கள். அவர்களிடம் இருப்பது எந்தக் கடையிலும் பில் போட்டு வாங்க முடியாத பாகம்.

ஆகவே ஜிம்னி வாங்கி, மண் பாதை ஆசையும் உள்ள தென்சென்னைவாசிக்கு என் வரிசை இதுதான். முதலில் காற்றுமானி, கம்ப்ரசர், ரெக்கவரி பட்டை, மண்வெட்டி. பிறகு, தேர்ந்த ஒருவரோடு சில நாள் ஓட்டிப் பழகுதல். கடற்காற்றுக்கு அருகில் அடையாறிலோ பெசன்ட் நகரிலோ இருப்பவர் ஒவ்வொரு மண் பாதைப் பயணத்துக்குப் பிறகும் அடிப்பகுதியை நன்னீரில் கழுவிவிட வேண்டும். உப்புக்கு ஃபிரேம் என்றும் ஸ்பிரிங் என்றும் பேதம் இல்லை. பழைய டயர் தேய்ந்து மாற்றும் சமயம் வந்தால் 215/75இல் ஆல் டெரெய்ன். அதற்குப் பிறகு வயிற்றுக் கவசம். லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், சில பயணங்கள் முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவயிற்றில் கீறல்கள் இருந்தால், திருத்தங்கள் அத்தனையும் சேர்த்து லிஃப்ட் போடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். கீறல் டிஃபரென்ஷியல் குடத்தில் மட்டும் இருந்தால் உங்களுக்கு வேண்டியது ஓட்டும் பழக்கம். எங்கேயும் கீறலே இல்லாவிட்டால், அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டு இன்னொரு முறை ஜவ்வாது மலைக்குப் போய்வாருங்கள்.